பூவைப் பேப்பர்ல வெட்டி ஒட்டறது, டெலானி பாட்டி வழியில

பேப்பர் வெட்டி ஒட்டறதுன்னு பேச்செடுத்தாலே கொஞ்சம் ஓவியம் தெரிஞ்சவங்க எல்லாம் பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ் பேரைத்தான் சொல்றாங்க. சொல்லட்டும், தப்பில்ல. மனுஷன் வயசான காலத்துல பெரிய ஆபரேஷன் ஆகி, நின்னு பெயின்ட் பண்ண முடியாம, உதவியாளுங்க கலர் பூசிக் குடுத்த தாளை ஒரு பெரிய கத்தரிய வெச்சு சர்ரு சர்ருன்னு வெட்டித் தள்ளுனாரு, 1953ல பண்ண “நத்தை”ங்கற படம் லண்டன் டேட் மியூசியத்துல ஒம்பதடிக்கு ஒம்பதடி இருக்கு, பாத்தா யாருக்கா இருந்தாலும் கை துறுதுறுங்கும். ஆனா எனக்கு அது ஒட்டல. எனக்குப் புடிச்சது அவருக்கு நூத்தி எண்பது வருஷம் முன்னாடி இங்கிலாந்துல உக்காந்து, அரை விரல் அகல இதழை அஞ்சாறு துண்டா வெட்டி ஒட்டின ஒரு பாட்டியம்மா. பேரு மேரி டெலானி. இந்தப் பதிவு முழுக்க அவங்களப் பத்தியும் அவங்களப் பாத்து நான் பண்ணிட்டிருக்கற பூக்களப் பத்தியும்தான், நீளமா போகும், டீ போட்டுட்டு வந்து உக்காருங்க.

1700ல பொறந்தவங்க. பதினேழு வயசுல, ஏறக்குறைய அறுபது வயசான ஒரு பார்லிமென்ட் மெம்பருக்குக் கட்டி வெச்சுட்டாங்க, குடும்பத்துக்கு ஆதாயம்னு. அந்த ஆளு குடிச்சுக் குடிச்சு ஏழெட்டு வருஷத்துல போய்ச் சேந்தாரு, எதிர்பார்த்த அளவு சொத்தும் வரல. அதுக்கப்புறம் பல வருஷம் தனியா இருந்துட்டு, நாப்பது தாண்டினப்புறம் 1743ல பேட்ரிக் டெலானிங்கற ஐரிஷ் பாதிரியாரக் கட்டிக்கிட்டாங்க, இந்தத் தடவ மனசுக்குப் புடிச்சு. டப்ளின் பக்கத்துல வீடு, தோட்டம், எம்பிராய்டரி, கிளிஞ்சல் வெச்சு அலங்காரம்னு இருவத்தஞ்சு வருஷம் நல்லாப் போச்சு. 1768ல அவரும் போயிட்டாரு. அறுபத்தெட்டு வயசுல மறுபடியும் தனி.

அப்ப அவங்களுக்குக் கை குடுத்தது ஒரு ஃபிரண்டு, போர்ட்லாண்ட் டச்சஸ் மார்கரெட். பெரிய பணக்காரி, பல்ஸ்ட்ரோட்ங்கற எஸ்டேட்ல செடி, சிப்பி, பூச்சின்னு கண்டதையும் சேத்து வெச்சவங்க. கேப்டன் குக் கூடக் கப்பல்ல உலகம் சுத்திட்டு வந்த தாவர ஆராய்ச்சிக்காரங்க ஜோசப் பேங்க்ஸும் சோலாண்டரும் அங்க வந்து போற ஆளுங்க. அந்த வீட்டுல 1772ல ஒரு நாள் மேசை மேல ஜெரேனியம் பூ, பக்கத்துல அதே சிவப்புல ஒரு தாள் துண்டு. ரெண்டு சிவப்பும் அச்சு அசலா ஒண்ணா இருக்கவும் பாட்டி கத்தரிய எடுத்து இதழ் இதழா வெட்டி வெச்சிருக்காங்க. உள்ள வந்த டச்சஸ், நிஜப் பூவத்தான் பிச்சுப் போட்டிருக்காங்கன்னு நெனச்சுட்டாங்களாம். அந்த அக்டோபர்ல தங்கச்சி பொண்ணுக்கு எழுதின லெட்டர்ல, பூவைப் போலச் செய்யறதுக்கு புதுசா ஒரு வழி கண்டுபிடிச்சிருக்கேன்னு அவங்களே சொல்றாங்க. அப்ப வயசு எழுவத்திரெண்டு. அங்கிருந்து ஒரு பத்து வருஷத்துல 985 பூ. ஆயிரம் அடிக்கணும்னு ஆசை, 1782ல கண்ணு விட்டுப்போச்சு, நிறுத்திட்டாங்க. பத்து வால்யூமா 1897லருந்து பிரிட்டிஷ் மியூசியத்துல இருக்கு, மியூசியம் ஆன்லைன்லயும் போட்டிருக்காங்க, பெருசு பண்ணிப் பாக்கலாம்.

பெருசு பண்ணிப் பாருங்க, அதுதான் விஷயமே. சின்னதா பாத்தா பெயின்டிங்னு தோணும். ஜூம் பண்ணப் பண்ணத்தான் ஓரங்கள் தெரிய வருது, பச்சைக்கு மேல கொஞ்சம் வெளிர் பச்சை, அதுக்கு மேல நூல் மாதிரி ஒரு மஞ்சள் கீத்து, எல்லாமே தனித்தனித் தாள். பாசிஃப்ளோரா லாரிஃபோலியான்னு ஒரு கொடிப்பூ பண்ணிருக்காங்க, நம்ம ஊர்ல கிருஷ்ணகமலம்னு வேலில வளப்பாங்களே அந்தக் குடும்பம். அந்த ஒரு பூவுல மட்டும் 200க்கு மேல இதழ்த் துண்டு. எழுவது வயசு தாண்டின கை, கரண்ட் இல்ல, லென்ஸ் விளக்கு இல்ல, சர்ஜிகல் பிளேடு இல்ல. அங்கங்க வாட்டர்கலர் தொட்டிருக்காங்க, சில இடத்துல செடியோட நிஜ துண்டையே ஒட்டிருக்காங்க, விண்டர் செர்ரின்னு ஒரு படத்துல காய மூடியிருக்கற அந்தக் கூடு மக்கிப்போயி நரம்பு மட்டும் மிஞ்சின நிஜ சருகு. நம்ம சொடக்குத் தக்காளியோட கூடு இருக்கே, அதே இனம்தான்.

இப்ப என் கதை. நான் தாராபுரம் பக்கம். எங்க சுத்துவட்டாரத்துல கண்வலிக்கிழங்கு வெள்ளாமை ஜாஸ்தி, மூலனூர் வரைக்கும் போனீங்கன்னா கம்பில படரவிட்டு காடு காடா நிக்கும். வெளியூர்க்காரங்க அதச் செங்காந்தள்ம்பாங்க, தமிழ்நாட்டோட மாநிலப் பூ, குறிஞ்சிப்பாட்டுல கபிலர் சொல்ற தொண்ணூத்தி ஒம்பது பூவுல மொத ஆளு. எங்களுக்கு அது விதை. கிலோ என்ன வெலைன்னு கேக்கற பயிரு. கால்சிசின்னு ஒரு மருந்துச் சரக்கு அந்த விதைலருந்து எடுக்கறாங்க, கீல்வாதத்துக்கு. செடி பூராவும் விஷம், கிழங்கு படு விஷம், அதத் தொட்டா கை கழுவாம சோத்துல வெக்கக் கூடாதுன்னு சின்ன வயசுலருந்து அடிச்சு வளத்திருக்காங்க.

பேப்பர்ல பூ வெட்டணும்னு ஆசை வந்தப்ப பலரும் சொன்னது, டெலானி பண்ணதையே பிரின்ட் எடுத்து மேல வெச்சு ட்ரேஸ் பண்ணி வெட்டிப் பழகு, அப்புறம் சொந்தமா பண்ணுன்னு. கோலம் பழகற பொண்ணுக்கு நோட்டு குடுக்கற மாதிரி. எனக்கு அதுல உடன்பாடே இல்ல. அவங்க மாக்னோலியாவ நான் ட்ரேஸ் பண்ணா எனக்கு மாக்னோலியா தெரியுமா? நான் அந்தப் பூவ மோந்து கூடப் பாத்ததில்ல. அவங்க எந்த எடத்துல கத்தரிய நிறுத்துனாங்களோ நானும் அதே எடத்துல நிறுத்துவேன், ஏன் நிறுத்துனாங்கன்னு தெரியாம. இன்னொருத்தர் வேலையப் பாத்து பண்றதுன்னா எனக்கு அவங்க உக்காந்த மாதிரி உக்காரணும், அவ்வளவுதான். செடிய மேசை மேல வெக்கணும், எண்ணணும், கலருக்குக் கலர் பேப்பர் தேடணும், பின்பக்கம் பேரும் எடமும் தேதியும் எழுதணும். அவங்க வழியெல்லாம் நான் எடுத்துக்கறேன், அவங்க பூ எனக்கு வேண்டாம்.

எண்ணறதுன்னு சொன்னேன்ல. அவங்க காலத்துல ஸ்வீடன் விஞ்ஞானி லின்னேயஸோட முறை புதுசா பரவிட்டிருந்துச்சு, பூவுக்குள்ள மகரந்தத் தாள் (மகரந்தத் தூளத் தாங்கி நிக்கற மெல்லிசுத் தண்டு) எத்தனை, சூல் தண்டு (அந்தத் தூள வாங்கிக்கற தண்டு) எத்தனைன்னு எண்ணி வகை பிரிக்கறது. டெலானி ஒவ்வொரு படத்துலயும் அந்த வகைப் பேர எழுதி வெச்சாங்க, அதனால ஆறு இருக்கற எடத்துல அழகுக்காக அஞ்சு ஒட்ட முடியாது. ஜோசப் பேங்க்ஸ் இந்தப் படங்களை வெச்சே தப்பு வராம ஒரு செடிய விவரிச்சிடலாம்னு சொன்னதா சொல்வாங்க. எனக்கு தாவரவியல் பிளஸ் டூவோட சரி. ஆனா எண்ண ஆரம்பிச்சா பூ வேற மாதிரி ஆயிடுது. செங்காந்தள பொறந்ததுலருந்து பாக்கறேன், ஆறு இதழ், ஆறு மகரந்தத் தாள், ஒரே ஒரு சூல் தண்டுன்னு கத்தரிய கைல எடுத்தப்பத்தான் தெரியும். அதுலயும் அந்தச் சூல் தண்டு கீழயே தொண்ணூறு டிகிரி மடங்கி ஒரு பக்கமா வெளிய நீட்டிட்டு நிக்கும். தன் மகரந்தம் தன் மேலயே விழக் கூடாதுன்னு பூவே ஒதுங்கி நிக்கற ஏற்பாடு.

இது எங்க அத்தைக்கு நல்லாத் தெரியும், ஏன்னா அவங்களுக்கு அது கூலி வேலை. அந்தத் தண்டு ஒதுங்கி நிக்கறதால காய் புடிப்பு கம்மி, அதனால பூக்கற சீசன்ல காலைல வெயில் ஏறறதுக்குள்ள ஆளுங்க வரிசையா போயி பூவுக்குப் பூ மகரந்தத்த எடுத்துத் தொட்டு வெப்பாங்க. அத்தை பல வருஷமா அந்த வேலை பாத்தவங்க. நான் மொதமொத ஒட்டி முடிச்ச செங்காந்தளக் கொண்டு போயிக் காட்டினப்ப கலர் நல்லாருக்குன்னெல்லாம் சொல்லல, கண்ணாடியப் போட்டுக்கிட்டு நேரா நடுவுல பாத்தாங்க.

“கொம்பு சாஞ்சு நிக்குது, செரியாத்தான் கண்ணு வெச்சிருக்கற. நுனில மூணா பிரியுமே, அதக் காணோம்?”

“இருக்குதுங்கத்தை, பாருங்க, சின்னதா.”

“அட, ஆமா. தூளு எங்க? ஆறுலயும் தூளு வெக்கோணுமல்ல? இப்பிடி மொட்டையா இருந்தா எதத் தொட்டு வெக்கறது?”

பேங்க்ஸ் சர்டிஃபிகேட்ட விட எனக்கு இது பெருசு. அன்னிலருந்து மகரந்தப் பைக்கு ரெண்டு லேயர் ஒட்டறேன், அடில பழுப்பு, மேல கொஞ்சம் சின்னதா நல்ல மஞ்சள், ஓரம் நேரா வெட்டாம பிசிறு பிசிறா.

அந்த மகரந்தத் தாளத்தான் எப்படி வெட்டறீங்கன்னு பலரும் கேக்கறாங்க, கொஞ்சம் விரிவாவே சொல்றேன். முடி மாதிரி ஒரு வளைவு வேணும்னா மொத்தத் தாளலருந்து அத வெட்டி எடுக்கப் பாத்தீங்கன்னா பாதில அறுந்துடும். மொதல்ல வெளி வளைவ மட்டும் வெட்டிட்டு, அந்த ஓரத்த ஒட்டியே, ஒரு மில்லிமீட்டர் கூட உள்ள போகாம ரெண்டாவது வெட்டு. ரெண்டு வெட்டும் ஒரே வேகத்துல, ஒரே மூச்சுல போகணும். கத்தரி நகரக் கூடாது. வலது கை சும்மா தொறந்து மூடிட்டு இருக்கும், இடது கைதான் தாளத் திருப்பிக்கிட்டே வரணும். தையக் கடைல வட்டக் கழுத்து வெட்டறவங்களப் பாருங்க, துணி நிக்கும் கத்தரி சுத்தும். இங்க தலைகீழ். வெட்டின துண்டக் கையால தொட்டா கை வேர்வைல சுருண்டுக்கும், அதனால ட்வீசர், இல்லன்னா ஈரமா ஒரு பிரஷ் நுனி. பசையத் துண்டுல தடவ முடியாது, அது இருக்கற அகலத்துக்கு பசைலயே முங்கிடும். ஒரு கண்ணாடித் துண்டு மேல பசைய ரொம்ப மெலிசா தேச்சுட்டு, துண்ட அது மேல வெச்சு எடுத்து, அப்படியே எடத்துல வெக்கணும். நகத்தி சரி பண்ண ரெண்டு செகண்டு கிடைக்கும், அதுக்கப்புறம் ஆண்டவன் விட்ட வழி.

இதழ் வேற கதை. செங்காந்தள் இதழ் மொதல்ல பச்சை, அப்புறம் அடி மஞ்சளா நுனி சிவப்பா மாறும், கடைசில முழுசும் சிவந்துடும். ஒரே கொடில மூணு வயசுலயும் பூ இருக்கும். இத கலர் பேப்பர்ல கொண்டு வரணும்னா மஞ்சள்லருந்து சிவப்புக்கு எங்கயோ ஒரு எடத்துல ஓரம் விழுந்தே தீரும். டெலானி அத மறைக்க முயற்சி பண்ணல, அதுதான் எனக்கு அவங்ககிட்ட ரொம்பப் புடிச்சது. ஓரத்த நெளி நெளியா வெட்டி, நடுவுல இன்னொரு நெறத்த மெல்லிசா செருகி, கிட்டப் போனா துண்டு துண்டா, தள்ளி நின்னா பூவா தெரிய வெச்சாங்க. செங்காந்தளுக்கு இதழ் ஓரமே நெளிநெளியாத்தான் இருக்கும்ங்கறதால அந்த நெளிவையே உள்ள கலர் மாற்றத்துக்கும் வெச்சுட்டேன். மஞ்சள் இதழ முழுசா வெட்டி, அது மேல சிவப்ப நுனிலருந்து முக்கால் வரைக்கும், ரெண்டுத்துக்கும் நடுவுல ஒரு ஆரஞ்சு கீத்து. ஓரத்துல மஞ்சள் ஒரு கோடு மட்டும் மிச்சம் தெரியணும், நிஜப் பூவுலயும் அப்படித்தான், சிவப்பு இதழச் சுத்தி மஞ்சள் பார்டர் ஓடும்.

கருப்புப் பின்னணி பத்திச் சொல்லலன்னா டெலானியப் பத்திச் சொன்ன மாதிரியே இல்ல. எல்லாப் படமும் கருப்புல தான், வெள்ளைத் தாளுக்குக் கருப்பு பூசி அது மேல ஒட்டுனது. ஏன் கருப்புன்னு நான் நெனைக்கறத சொல்றேன். பேப்பர் பூ பண்றதுக்கு முப்பது வருஷம் முன்னாடியே அவங்களுக்குக் கருப்புப் பட்டுல விதவிதமா பூ எம்பிராய்டரி போட்ட ஒரு கோர்ட் டிரெஸ் இருந்துச்சு, அரண்மனைக்குப் போட்டுட்டுப் போறது, அதோட துண்டுங்க இன்னிக்கும் இருக்கு. கருப்பு மேல பூ எப்படி எழும்பி வரும்னு கையால தெரிஞ்சவங்க. அந்தப் பழக்கம்தான் இங்க வந்திருக்கும்ங்கறது என் கட்சி. அதுல ஒரு பெரிய லாபமும் இருக்கு. ரெண்டு இதழுக்கு நடுவுல ஒரு மயிரிழை எடம் விட்டீங்கன்னா அந்தக் கருப்பே கோடு போட்ட மாதிரி ஆயிடும், தனியா வரைய வேண்டாம். இலை நரம்புக்கும் அதே வேலைதான், இலைய ரெண்டு பாதியா வெட்டி நடுவுல இடைவெளி விட்டா நடு நரம்பு தானா வந்துடும். வெள்ளை மேல ஒட்டிப் பாத்தா இந்த எடைவெளியெல்லாம் ஓட்டை மாதிரி தெரியும்.

கடைல விக்கிற கருப்பு சார்ட் வேண்டாம். சீக்கிரம் வெளுத்து சாம்பல் ஆயிடும், பளபளப்பும் ஜாஸ்தி. நல்ல கெட்டி டிராயிங் ஷீட்டுக்கு கருப்பு போஸ்டர் கலர தண்ணி கலந்து ரெண்டு மூணு கோட்டு, ஒண்ணு காஞ்சப்புறம் அடுத்தது, ஒரு தடவ குறுக்க, ஒரு தடவ நெடுக்க. காஞ்சதும் சுருண்டுக்கும், கனமான புக்குக்கு அடில ஒரு ராத்திரி வெச்சா நேராயிடும்.

பேப்பர் எங்க வாங்கறீங்கன்னு கேட்டா, பாதிக்கு மேல வாங்கறதே இல்ல. டெலானி பாட்டி அவங்க ஊர்ல தாளுக்குச் சாயம் போடறவங்ககிட்ட போயி, கலர் ஓடிப்போன தாளாப் பாத்து வாங்குவாங்களாம், சாயம் கலங்கின எடத்துலதான் கடைல கிடைக்காத நெறம் இருக்கும்னு. கப்பல்ல வந்த சீனத் தாளும் வாங்குவாங்க. இதப் படிச்சதுமே நான் நேரா போனது தெரிஞ்ச ஒரு பிரிண்டிங் பிரஸ்ஸுக்கு. கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், வால்போஸ்டர் எல்லாம் அடிக்கற எடம். மிஷின் ஓட ஆரம்பிக்கறப்ப மொத கொஞ்சம் ஷீட்டுல கலர் செட் ஆகாது, ஒண்ணு மேல ஒண்ணு நகந்து விழும், அதத் தனியா ஒதுக்கி வேஸ்ட்ல போடுவாங்க. அதுக்குள்ள என்னென்ன நெறம் தெரியுமா! சாமி படத்துக்குப் பின்னாடி மஞ்சள்லருந்து சிவப்புக்கு எறங்கற வால்போஸ்டர் துண்டு ஒண்ணு கிடைச்சுது, செங்காந்தள் மொட்டுக்குன்னே அச்சடிச்ச மாதிரி, அத ஒட்ட மனசில்லாம இன்னும் ஃபைல்ல வெச்சிருக்கேன். கட்டிங் மிஷின்ல விழற ஓரத்துண்டு மூட்டை மூட்டையா கிடக்கும், டீ வாங்கிக் குடுத்தா அள்ளிட்டுப் போன்னுடுவாங்க.

கோயில் நோட்டீஸ் அடிக்கற ரோஸ், மஞ்சள் தாள் மெலிசா, வெட்ட சுகமா இருக்கும், ஆனா வெயில் பட்டா ஒரு வருஷம் தாங்காது, வெளுத்துடும். நல்ல பச்சை வேணும்னா பழைய டைரி, அக்கவுண்ட் நோட்டு அட்டைக்கு உள்ள ஒட்டற தாள் பாருங்க. சிவப்புக்கு கல்யாணப் பத்திரிகையோட கவர். பட்டாசுப் பெட்டி பேப்பர் வேண்டாம், மினுமினுன்னு வெளிச்சம் அடிச்சு பூவ பிளாஸ்டிக் ஆக்கிடும். இங்கிலிஷ் மேகசின் ஆர்ட் பேப்பரும் அப்படித்தான்.

பசைக்கு நான் மைதாதான். ரெடிமேட் வெள்ளை கம் மெல்லிசுத் தாள்ல ஊறி மறுபக்கம் கறையா தெரியுது. மைதாவ பச்சைத் தண்ணில கட்டி இல்லாம கரைச்சு, சிம்ல வெச்சுக் கிளறிக்கிட்டே இருந்தா கண்ணாடி மாதிரி ஆகி வரும், அப்ப எறக்கி துணில வடிகட்டணும். பைண்டிங் பண்றவங்க பூச்சி அரிக்காம இருக்க மயில்துத்தம் ஒரு சிட்டிகை போடுவாங்க, அதேதான் நானும், ஆனா துத்தம் விஷம், கொழந்தைங்க இருக்கற வீட்டுல அந்தப் பாத்திரம் சமையக்கட்டுப் பக்கமே வரக் கூடாது. அப்படியும் மழைக்காலம் வந்தா ராமபாணப் பூச்சி வரும். வேப்பிலை, நாப்தலின் எல்லாம் வெச்சுப் பாத்தாச்சு, ஃபிரேம் போட்டு பின்பக்கம் டேப்பால சீல் பண்றது ஒண்ணுதான் நிக்குது.

இன்னொரு விஷயம் இதுல அடிக்கடி ஞாபகம் வரும். டெலானி கண்ணு போனதும் கத்தரிய வெச்சுட்டாங்கன்னு சொன்னேன்ல, நம்ம நாட்டுல சாந்திநிகேதன் ஓவியர் வினோத் பிஹாரி முகர்ஜி இருக்காரே, 1950கள்ல ஒரு கண் ஆபரேஷனுக்கு அப்புறம் முழுசா பார்வை போயி, அதுக்கப்புறம்தான் பேப்பர் வெட்டி ஒட்டி நிறைய படம் பண்ணாரு. தாளோட ஓரம் விரலுக்குத் தெரியும்ல, பெயின்ட்டுக்கு ஓரம் ஏது. இத யோசிச்சதுலருந்து நானும் ஒட்டி முடிச்ச பூவ கண்ண மூடி விரலால ஒருக்கா தடவிப் பாக்கறேன். எந்த லேயர் எந்திரிச்சு நிக்குது, எங்க பசை பத்தலன்னு கண்ண விட விரலுக்குச் சீக்கிரம் தெரியுது.

பின்பக்க லேபிள் எழுதறது சிலருக்கு வெட்டி வேலையா தெரியலாம். டெலானி செடியோட லத்தீன் பேரு, இங்கிலீஷ் பேரு, பண்ண தேதி, எந்த எடம், செடி யார் குடுத்தது எல்லாம் எழுதி வெச்சாங்க. லண்டன் கியூ தாவரத் தோட்டத்துலருந்து வந்த செடி, இங்கிலாந்து ராணி சார்லட் அனுப்பின செடின்னு அதப் படிச்சாலே அவங்க வாழ்ந்த வாழ்க்கை தெரிஞ்சுடும். டச்சஸ் 1785ல போனப்புறம் ராஜா மூணாம் ஜார்ஜ் வின்ட்ஸர்ல ஒரு வீடும் வருஷத்துக்கு 300 பவுண்டு பணமும் குடுத்தாரு, அப்படி ஒரு சிநேகம். என் லேபிள்ல ராணிக்கெல்லாம் எங்க போறது. “அத்தை வேலை பாத்த காடு, மூலனூர் ரோடு, கிழக்கு வரப்பு ஓரக் கொடி”ன்னு இருக்கு. அத்தை அதப் படிச்சுட்டு, காட்டுக்காரர் பேரையும் எழுதுன்னாங்க, அவருகிட்டக் கேக்காமத்தான பூவப் பறிச்சேன்னு பேசாம வந்துட்டேன்.

புதுசா ஆரம்பிக்கறவங்க செங்காந்தள்ல கை வெக்காதீங்க, செம்பருத்தியும் வேண்டாம், அதோட நடுத்தண்டுல ஒட்டிருக்கற மகரந்தத்த எண்ணி முடிக்கறதுக்குள்ள வெறுத்துடும். நந்தியாவட்டை எடுங்க, ஒத்தை அடுக்கு. அஞ்சே இதழ், வெள்ளை, கருப்பு மேல வெச்சா மொத நாளே பூ மாதிரி தெரியும், ஆனா இதழ் ஒவ்வொண்ணும் ஒரே பக்கமா திருகியிருக்கும், அந்தத் திருகல் எந்தப் பக்கம்னு கவனிக்க வெக்கும். அதுக்கும் ஒரே வெள்ளை போதாது. கொஞ்சம் மஞ்சள் அடிச்ச வெள்ளை, நீலம் அடிச்ச வெள்ளை, சுத்த வெள்ளைன்னு மூணு தாள் வெச்சுக்கோங்க, பழைய லெட்டர் பேடு, ஜெராக்ஸ் பேப்பர், மாத்திரை டப்பாவுக்குள்ள மடிச்சு வர்ற அந்த மெலிசு நோட்டீஸோட எழுத்தில்லாத ஓரம், இந்த மூணும் மூணு வெள்ளை. அடுத்தது ஆவாரம்பூ, அதுக்கப்புறம் எருக்கு, எருக்கோட நடுவுல இருக்கற கிரீடம் வெட்டறது ஒரு தனிச் சுகம்.

எனக்கு இப்ப மாந்தளிர் நெறத்துல தாள் வேணும். செம்பும் இல்லாம பழுப்பும் இல்லாம ரோஸும் இல்லாம நடுவுல ஒரு நெறம் இருக்கே, அது. சாயம் போட்டுப் பாத்தேன், காபி டிக்காஷன்ல ஊற வெச்சேன், பீட்ரூட் சாறு பூசினேன், எதுவும் வரல. உங்க ஊர் பிரஸ்ல யாராவது அப்படி ஒரு கவரோ ஓரத்துண்டோ ஒதுக்கி வெச்சிருந்தா ஒரு விரல் அகலம் அனுப்புங்க போதும், போஸ்டல் செலவு என்னுது.